15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் கதவடைக்கும் போர்டு: ஜே-பேக், எட்டு மாதப் பழக்கத்துக்குப் பிறகு

மகள் கராஜுக்குள் நுழைந்ததுமே காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, என்னமோ கீச்சுன்னு கத்திட்டே இருக்கு, உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. பழைய பிக்சர் டியூப் மானிட்டர் நொடிக்கு 15,700 தடவை கோடு இழுக்கும்போது ஈஹெச்டி என்கிற ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் போடுகிற சத்தம் அது. 11 வயதுக் காதுக்கு எட்டும், என் 46 வயதுக் காதுக்கு எட்டாது. அன்றிலிருந்து மானிட்டருக்கு உயிர் வந்திருக்கிறதா என்று பார்க்க நான் டெஸ்டரைத் தேடுவதில்லை. அவளைத்தான் கூப்பிடுகிறேன்.

எழுத வந்தது அல்டிமார்க் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஜே-பேக் போர்டைப் பற்றி. பழைய ஆர்கேட் கேபினெட்டுக்குள், அதாவது வீடியோ கேம் கடையில் காசு போட்டு ஆடும் பெட்டிக்குள், கேம் போர்டுக்குப் பதிலாக கம்ப்யூட்டரை மாட்ட உதவுகிற சாமான். ஆனால் அதை மட்டும் வாங்கி வைத்தால் ஒன்றும் நடக்காது. கூடவே ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், ஒரு தனி டிரைவர் வேண்டும், என் விஷயத்தில் திண்டுக்கல்லில் இருக்கிற ஒரு ரிட்டயர்டு டி.வி. மெக்கானிக்கும் வேண்டியிருந்தது. அவர் என் அப்பா. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் முஸ்தபா. 90களில் நம்ம ஊர் வீடியோ கேம் கடையில் டோக்கன் போட்டு ஆடியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அந்த கேமின் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம் 1993-ல் வெளியிட்டது, முஸ்தபா அதில் வரும் நாலு பேரில் ஒருவன், அவ்வளவுதான் என்பதெல்லாம் எனக்கு இங்கிலாந்து வந்த பிறகுதான் தெரியும். லேப்டாப்பில் அதை ஆடிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, ஆனால் அது அது இல்லை. படம் கண்ணாடிச் சில்லு மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. கடையில் பார்த்த படம் அப்படி இல்லையே, வழவழவென்று ஒளிருமே என்று ஆறு மாதம் அரற்றியதில், என் மனைவியே "போய் ஒண்ணு வாங்கித் தொலைங்க" என்றாள்.

லெஸ்டரிலிருந்து கடற்கரைப் பக்கம் வேன் எடுத்துக்கொண்டு போய், கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் மரக் கேபினெட் ஒன்றை வாங்கினேன். உள்ளே 20 அங்குல ஹன்டாரெக்ஸ் எம்டிசி 9000, இத்தாலி மானிட்டர். பழைய பிரிட்டிஷ் கேபினெட்டுகளில் இதை நிறையப் பார்க்கலாம். விற்றவர் "ஓடும், ஓடும்" என்றார். ஓடத்தான் செய்தது, அஞ்சு நிமிஷம். டியூபின் கண்ணாடியில் 'இன்சர்ட் காயின்' என்ற எழுத்து எரிந்து பதிந்திருக்கிறது. ஆஃப் பண்ணி வைத்தாலும் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். அது எனக்குப் பிடித்துத்தான் வாங்கினேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

புதுக் கம்ப்யூட்டரை இதில் நேரே சொருக முடியாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. அந்தக் காலத்து ஆர்கேட் கேம் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 262 கோடு போடும், நொடிக்குச் சுமார் 60 ஃப்ரேம். பெருக்கினால் 15,720. இதைத்தான் 15 கிலோஹெர்ட்ஸ் மானிட்டர் என்கிறார்கள். கம்ப்யூட்டரின் சாதாரண 640க்கு 480 விஜிஏ-வில், கண்ணுக்குத் தெரியாத கோடுகளையும் சேர்த்து 525 கோடு. அதை 60-ஆல் பெருக்கினால் 31,500, ஏறக்குறைய இரட்டிப்பு. எல்சிடி-க்குப் பிடிக்காத சிக்னலைக் கொடுத்தால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று எழுதிக் காட்டிவிட்டு சும்மா இருக்கும். 80களின் மானிட்டருக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது. வந்ததைப் பிடிக்கப் பார்க்கும், திணறும், ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் கொதித்து ஷார்ட் ஆகிவிடும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஓடும் அந்த பயாஸ் எழுத்துகள் இருக்கிறதே, அவையே 31 கிலோஹெர்ட்ஸ்தான். அதாவது முதல் நொடியிலேயே ஆபத்து.

வேறு இரண்டு தகராறுகளும் உண்டு. விஜிஏ-வின் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 0.7 வோல்ட். ஆர்கேட் போர்டுகள் தருவது இதைப் போலப் பல மடங்கு, மானிட்டரும் அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. அப்படியே கொடுத்தால் மங்கலாக, அமாவாசை மாதிரி படம் வரும். அப்புறம், எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிங்க் சிக்னலை கம்ப்யூட்டர் இரண்டு கம்பியில் தனித்தனியாக அனுப்புகிறது. ஆர்கேட் கேபினெட்டில் அது ஒரே கம்பி.

இதெல்லாம் ஓரளவு படித்துவிட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். முப்பது வருஷம் சாலிடேரும் டயனோராவும் பிரித்துப் போட்ட கை அது. கடையை மூடி ரொம்ப நாளாகிவிட்டது. கேபினெட்டின் பின்கதவைத் திறந்து ஃபோனை உள்ளே காட்டினதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

"ஏண்டா, சேஸிஸ் லைவா?"

"தெரியலப்பா."

"தெரியலன்னா கைய வெளிய எடு. மெயினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கா பாரு. அது இல்லாம கம்ப்யூட்டர் கிரவுண்டக் கொண்டுபோயி அதுல குடுத்தீன்னா கம்ப்யூட்டரும் போவும், மானிட்டரும் போவும். ஒன்னயும் சேத்துத் தூக்கிரும்."

இது எந்தக் கையேட்டிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். ஆர்கேட் மானிட்டர்களில் பலவற்றின் சேஸிஸ், அதாவது சர்க்யூட் போர்டு, மெயினிலிருந்து பிரிக்கப்படாதது. கேபினெட்டுக்குள் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் பிரித்திருப்பார்கள். யாராவது அதைக் கழற்றி வேறு எதற்கோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் உங்களுக்குத் தெரியாது. என் கேபினெட்டின் அடியில் கனமான ஒன்று உட்கார்ந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டர் வைத்து, பிளக்கின் இரண்டு பின்னுக்கும் சேஸிஸுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் அப்பா அடுத்த வார்த்தை பேசினார்.

அடுத்து டிஸ்சார்ஜ். பிக்சர் டியூபில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், ஆஃப் பண்ணி நேரமானாலும் மிச்சம் இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரில் கம்பி கட்டி, கம்பியின் மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் எர்த் பின்னலில் கிளிப் போட்டு, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தேன். ஒரு 'டப்'. மறுபடி நுழைத்தேன், சத்தமில்லை. "இன்னொரு வாட்டி" என்றார் அப்பா. இன்னொரு வாட்டி. இடது கை பேன்ட் பாக்கெட்டில் இருந்ததா என்று கேட்டார். இருந்தது. சின்ன வயதில் கடையில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். (இதில் பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். விமர்சனம் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு இறங்காதீர்கள்.)

அஞ்சு நிமிஷத்தில் மானிட்டர் அணைந்து அணைந்து வந்ததற்குக் காரணம், அப்பா பார்க்கச் சொன்ன இடத்திலேயே இருந்தது. ஈஹெச்டி-யின் கால்களைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக முடி போன்ற விரிசல். டிரை சோல்டர். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். அதன் பிறகு மகள் அரை மணி நேரம் கதவருகில் உட்கார்ந்து, "நிக்கலப்பா, இன்னும் கத்துது" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

இனி வாங்கின சாமான்களுக்கு வருகிறேன்.

முதலில் செய்த தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜே-பேக்குக்கு முன்னால், ஆன்லைனில் பெயரே இல்லாத ஒரு பச்சை போர்டு வாங்கினேன். எந்த சிக்னலைக் கொடுத்தாலும் 15 கிலோஹெர்ட்ஸாக மாற்றித் தரும் என்று போட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ குட்டி அடாப்டர். இரண்டையும் சேர்த்தே ஒரு பீட்சா விலைதான். படம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் 640க்கு 480-ஐ அது தானாக அரைத்து 240 கோடாக ஆக்கியதில், முஸ்தபாவின் முகம் நனைந்த செய்தித்தாள் மாதிரி ஆகிவிட்டது. பக்கவாட்டில் ஸ்க்ரோல் ஆகும்போது தடதடவென்று குலுங்கியது. குதிக்கிற பட்டனைத் தட்டினால் அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதித்தான். மாற்றிகளின் அடிப்படைச் சிக்கலே இதுதான். ஒரு முழு ஃப்ரேமை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சுருக்கி, பிறகு அனுப்புகின்றன. எந்த வேலையைக் கம்ப்யூட்டரே சரியாகச் செய்து அனுப்ப முடியுமோ, அதை நடுவழியில் யாரோ கத்திரிக்கோல் வைத்துச் செய்வது போல.

ஜே-பேக் எதையும் மாற்றுவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டுத் திட்டுபவர்கள் உண்டு. 31-ஐ 15 ஆக்கும் வேலை அதனுடையது அல்ல. கம்ப்யூட்டரிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் ஒழுங்காக வந்தால், அது மூன்று காரியம் செய்யும்: நிற சிக்னலை ஆர்கேட் மானிட்டருக்கு வேண்டிய அளவுக்குப் பெருக்கும், இரண்டு சிங்க்கையும் ஒன்றாக்கும், அதிர்வெண் கூடுதலாக இருந்தால் மானிட்டருக்கு விடாமல் தடுத்துவிடும். இந்த மூன்றாவது காரியத்துக்காகத்தான் நான் காசு கொடுத்தேன். முதல் இரண்டையும் நாலு டிரான்சிஸ்டர் வாங்கி நானே ஒட்டியிருப்பேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தப்பான ரெசல்யூஷனை அழுத்தினால் யார் காப்பாற்றுவது? எட்டு மாதத்தில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு தடவை தப்பான சிக்னல் போயிருக்கும். தினமும் பயாஸ் நேரத்தில் போவது தனிக் கணக்கு. டிரான்சிஸ்டர் இன்னும் அதேதான்.

மாட்டுவது சுலபம். கேபினெட்டில் ஜாம்மா என்ற கனெக்டர் தொங்கும். ஜப்பானிய ஆர்கேட் உற்பத்தியாளர் சங்கம் 80களின் நடுவில் கொண்டுவந்த பொது அமைப்பு, சங்கத்தின் பெயர்ச்சுருக்கமே கனெக்டருக்கும் பெயராகிவிட்டது. பக்கத்துக்கு 28 என்று மொத்தம் 56 முனை. சிவப்பு 12-ல், அதற்கு நேர் மறுபக்கம் பச்சை; நீலம் 13-ல், அதன் மறுபக்கம் சிங்க்; 14-ல் வீடியோ கிரவுண்ட். ஜே-பேக்கின் ஒரு விளிம்பு இந்தக் கனெக்டருக்குள் கேம் போர்டு மாதிரியே நுழைந்துகொள்ளும். மறுபக்கம் விஜிஏ ஒயர் ஒன்று, யுஎஸ்பி ஒயர் ஒன்று. ஏழாவது முனையில் சாவித்துளை மாதிரி ஒரு தடுப்பு இருக்க வேண்டும். பழைய கேபினெட்டுகளில் அது உடைந்துபோயிருந்தால் தலைகீழாகவும் நுழையும், அதனால் எந்தப் பக்கம் மேலே என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். என்னுடையதில் தடுப்பு இருந்தது. நான் மார்க்கர் பேனாவில் அம்புக்குறியும் போட்டுவைத்தேன்.

கம்ப்யூட்டருக்கு ஜே-பேக் ஒரு கீபோர்டாகத் தெரியும். இதை மகளுக்குக் காட்ட நோட்பேடைத் திறந்துவைத்துவிட்டு, காசு போடும் கதவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்சை விரலால் தட்டினேன். திரையில் 5 என்று விழுந்தது. ஸ்டார்ட் பட்டனுக்கு 1. இரண்டாவது ஆளின் ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் ஆர், எஃப், டி, ஜி. பழைய ஆர்கேட் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் என்ற எமுலேட்டரில் எந்த கீ எதற்கோ அதையே கொடுத்திருக்கிறார்கள், ஒன்றும் செட் பண்ண வேண்டியதில்லை. முதல் ஸ்டார்ட்டை அமுக்கிக்கொண்டே இரண்டாவது ஸ்டார்ட்டை அமுக்கினால் எஸ்கேப். இதைப் படிக்காமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆர்வமாக ஸ்டார்ட்டை அமுக்கி, ஆட்டத்தை விட்டே வெளியே வந்து விழித்தோம். தப்பு எங்களுடையதுதான்.

இப்போது கார்டு. இங்கேதான் 'நவீன கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு நட்சத்திரக் குறி போட வேண்டியிருக்கிறது. ஹெச்டிஎம்ஐ-க்கு 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பிக்சல் வேகம் போக அனுமதி இல்லை. 320க்கு 240 படத்துக்குத் தேவை சுமார் 6 மெகாஹெர்ட்ஸ். புதிய கார்டுகளில் விஜிஏ மாதிரியான அனலாக் வெளியீடே கிடையாது. என்விடியா ஜிடிஎக்ஸ் 900 வரிசையோடு நிறுத்திவிட்டது. ஆக, கம்ப்யூட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கார்டு பழையதாக இருக்க வேண்டும். நான் ஆபீஸில் கழித்துப்போட்ட ஐ5 பெட்டி ஒன்றில் ரேடியான் ஹெச்டி 5450 போட்டேன். 2010-ல் வந்த, ஃபேன்கூட இல்லாத சின்னக் கார்டு. செகண்ட் ஹேண்டில் 8 பவுண்டு. இதற்கு மேல் வேண்டியதில்லை. எமுலேட்டருக்கு வேண்டியது பிராசஸர்தான்.

ரேடியானே ஏன் என்றால், சிஆர்டி எமுடிரைவர். காலமிட்டி என்ற பெயரில் எழுதுபவர் ஏஎம்டி டிரைவரைத் திருத்தி, அனலாக் வாயில் 15 கிலோஹெர்ட்ஸ் வரும்படி செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார். ஒருநாள் சாயங்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். எல்சிடி ஒன்றை இன்னொரு வாயில் மாட்டிக்கொண்டு அதைப் பார்த்துத்தான் நிறுவ வேண்டும். டிரைவரில் கையெழுத்து இல்லை என்று விண்டோஸ் 10 முரண்டு பிடிக்கும், டெஸ்ட் மோடுக்குப் போக வேண்டும். கூடவே வரும் விஎம்மேக்கர் என்ற கருவியில் 'ஆர்கேட் 15' என்ற மானிட்டர் வகையைத் தேர்ந்தால், ரெசல்யூஷன் பட்டியலை அதுவே போட்டுவிடும். இன்னொன்றும் செய்கிறது: இன்றைய மானிட்டர்கள் 'நான் இன்னார், என்னால் இவ்வளவு முடியும்' என்று கம்ப்யூட்டரிடம் அறிமுகம் செய்துகொள்ளும். ஹன்டாரெக்ஸுக்கு வாய் கிடையாது. அதற்குப் பதிலாக டிரைவரே ஒரு பொய் அறிமுகத்தைத் தயார்செய்து கொடுத்துவிடுகிறது. பெட்டிக்கு இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். விண்டோஸ் தானாக அப்டேட் ஆகி இந்த டிரைவரைத் தூக்கி எறிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பில்லை.

எல்லாம் முடித்து, ஜே-பேக்கில் விஜிஏ ஒயரை முறுக்கி மாட்டி, ஆன் பண்ணினேன். பயாஸ் நேரம் முழுக்க ஒழுங்கான படம் எதுவும் இல்லை. தெரிந்தேதான் நின்றேன், ஆனாலும் அந்த நாற்பது நொடி நீளம்தான். பயாஸையே 15-ல் காட்டும்படி கார்டின் ரோமைத் திருத்தி எழுதும் ஆட்டம்-15 என்ற வழி இருக்கிறது. எட்டு பவுண்டு கார்டு என்றாலும் எனக்குக் கை வரவில்லை. திடீரென்று கேபினெட்டுக்குள் விண்டோஸ் டெஸ்க்டாப். 640க்கு 480 இன்டர்லேஸ், கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்று போடுவதால் ஐகான்களின் அடிக்கோடெல்லாம் துடித்தன. அது ஆடுவதற்கு, படிப்பதற்கு அல்ல. உடனே க்ரூவிமேமைத் திறந்தேன்.

க்ரூவிமேம், காலமிட்டியின் கைவண்ணத்தில் வந்த மேமின் ஒரு வடிவம். ஒவ்வொரு கேமும் அசல் போர்டில் எந்த அளவில், எந்த வேகத்தில் ஓடியதோ அதே சிக்னலை அந்தந்த நேரத்தில் உண்டாக்கிக் கொடுக்கும். முஸ்தபாவுக்கு 384க்கு 224, நொடிக்கு 59.6 ஃப்ரேம். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி வந்தபோது டெஸ்க்டாப்பின் துடிப்பெல்லாம் அடங்கி, படம் ஆணி அடித்த மாதிரி நின்றது.

கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளி. இருட்டான இடத்தில் கோடு நூல் மாதிரி மெலிந்திருக்கிறது. வெள்ளை வரும் இடத்தில் அதே கோடு பருத்து, இடைவெளியை மூடிக்கொள்கிறது. காரின் முகப்பு விளக்கில் அந்த வெள்ளை கொஞ்சம் வழிந்து பக்கத்து நிறத்தின்மேல் படர்கிறது. லேப்டாப்பில் சதுரச் சதுரமாகத் தெரிந்த கன்னம் இங்கே உருண்டையாகிவிட்டது. வரைந்தவர்கள் இந்த வழிசலைக் கணக்கில் வைத்துத்தான் புள்ளி வைத்திருக்கிறார்கள். எல்சிடி-யில் ஸ்கேன்லைன் ஃபில்டர் போட்டால் இதே மாதிரி வரும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, கராஜுக்குக் கூப்பிட்டுக் காட்டிவிடுகிறேன்.

எல்லா கேமும் இப்படி வாலாட்டாமல் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். மார்ட்டல் காம்பாட் நொடிக்கு 54.7 ஃப்ரேம்தான், ஆனால் 254 கோடு உயரம். மறைவுக் கோட்டையும் சேர்த்து 289. பெருக்கினால் சுமார் 15,810, அதிர்வெண் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் தடவை படம் கீழிருந்து மேலே பழைய தூர்தர்ஷன் மாதிரி உருண்டுகொண்டே போனது. வெர்ட்டிகல் ஹோல்டைக் கால் திருகு திருப்பினதும் பிடித்துக்கொண்டது. ஆர்-டைப் 55, அதற்கும் இதே கதை. படம் இடமோ வலமோ தள்ளியிருந்தால் மானிட்டரைத் தொடாமல் ஆர்கேட் ஓஎஸ்டி என்ற கருவியிலேயே நகர்த்தலாம். பேக்-மேன் மட்டும் என்னிடம் ஒழுங்காக வரவில்லை, வரவும் வராது. அது நிமிர்த்தி வைத்த மானிட்டருக்காகச் செய்த கேம், 288 கோடு உயரம். படுத்திருக்கும் மானிட்டரில் 60.6 வேகத்தில் அதை முழுசாக நிறுத்தப் பார்த்தால் 18 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். இன்டர்லேஸில் ஆடலாம், துடிக்கும். அல்லது 20 அங்குல டியூபை 90 டிகிரி திருப்பி மாட்ட வேண்டும். என் முதுகு அதற்குச் சம்மதிக்கவில்லை.

ஜே-பேக்கில் இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையர் அதில் இல்லை. கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு சின்ன ஆம்ப் வழியாகக் கேபினெட் ஸ்பீக்கருக்குத் தனியாக ஒயர் இழுத்தேன். ஜாம்மாவில் அடிப்படையில் ஆளுக்கு மூன்று பட்டன்தான்; ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட ஆறு வேண்டும். மீதி மூன்றுக்கு போர்டில் இருக்கும் தனி முனைகளுக்கு நாமே ஒயர் கொடுக்க வேண்டும். முஸ்தபாவுக்கு இரண்டு பட்டன் போதும் என்பதால் அந்த வேலையை நான் இன்னும் தொடவில்லை. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

யார் வாங்கலாம்? ஜாம்மா கேபினெட் ஒன்று கையில் இருக்கிறது, அனலாக் வாய் உள்ள பழைய ரேடியானைத் தேடிப் பிடிக்க முடியும், டிரைவரோடு ஒரு சாயங்காலம் மல்லுக்கட்டத் தயார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நாலு பேர் குடும்பமாக வெளியே போய் ஒருவேளை சாப்பிடும் செலவுதான். கேபினெட் இல்லாமல் மானிட்டர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது அதிகப்படி. அதே நிறுவனம் வீடியோ ஆம்ப்ளிஃபையரைத் தனியாகவும் விற்கிறது. லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். கம்ப்யூட்டரே வேண்டாம், ஆடினால் போதும் என்பவர்கள் பழைய போர்டின் சர்க்யூட்டையே சிப்புக்குள் உருவாக்கிக் காட்டும் மிஸ்டர் என்ற எஃப்பிஜிஏ பெட்டியைப் பாருங்கள், அனலாக் போர்டு சேர்த்தால் 15 கிலோஹெர்ட்ஸ் அதிலிருந்து நேராகவே வரும், டிரைவர் தலைவலி இல்லை. என்னிடம் ஓசி ஐ5 இருந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறுபடி வீடியோ கால் போட்டு, ஓடுகிற கேமைக் காட்டினேன். ஃபோன் கேமராவில் டியூபைக் காட்டினால் கறுப்புப் பட்டை ஒன்று மேலும் கீழும் ஓடும், அதைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். மகள் ஆடிக்கொண்டிருந்தாள். முஸ்தபா, கார், டைனோசர் எதுவும் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

"கீழ பாரு, கால் பக்கம் இழுத்துருக்கு. மேல இருக்கற தலையவிட கீழ நிக்கிறவன் கால் நீளமா இருக்கு. வெர்ட்டிகல் லீனியாரிட்டி. கண்டென்சர் காஞ்சு போயிருக்கும்."

"எந்தக் கண்டென்சர்ப்பா?"

"வெர்ட்டிகல் ஐசி பக்கத்துல இருக்கற எலக்ட்ரோலைட்டிக் எல்லாத்தையும் மாத்து. ஒண்ணு ஒண்ணா தேடிட்டு இருக்காத. மாத்தறதுக்கு முன்னாடி..."

"டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத்தான்ப்பா."

கண்டென்சர் செட் ஆர்டர் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது. அதுவரை முஸ்தபா கொஞ்சம் நீளக் காலோடு ஆடட்டும்.